மேலே இரண்டு மாடி, கீழே ஐந்து மாடி: சவானா ஆற்றங்கரை வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், கடலிலிருந்து சுமார் 18 மைல் உள்ளே, சவானா ஆற்றின் தென்கரையில் இருக்கும் பழைய துறைமுக நகரம் சவானா. சென்ற இதழில் அதைப் பற்றி எழுதியிருந்தோம். படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: மேட்டின் மேலுள்ள பே ஸ்ட்ரீட்டில் நின்றால் இரண்டு மூன்று மாடிக் கட்டடம். ஆற்றுப் பக்கம் இறங்கிப் பார்த்தால் அதே கட்டடம் நான்கு, ஐந்து மாடி. நடுவில் இரும்புப் பாலங்கள் வேறு. யார் இப்படி யோசித்துக் கட்டினார்கள்?

யோசித்தவர்கள் வியாபாரிகள். நகரம் உட்கார்ந்திருப்பது ஆற்றுமட்டத்துக்கு மேல் சுமார் 40 அடி உயர மணல்மேட்டில். 1733 பிப்ரவரி 12 அன்று ஜேம்ஸ் ஓகில்தோர்ப் ஆங்கிலேயக் குடியேறிகளோடு வந்து இறங்கியது இங்கேதான். அப்போது அது யமக்ரா மக்களின் இடம். அவர்கள் தலைவர் டோமோசீச்சி. மேட்டில் வெள்ளப் பயம் குறைவு, வருகிற போகிற கப்பலையும் கண்காணிக்கலாம். ஆனால் ஒவ்வொரு மூட்டையும் 40 அடி ஏற வேண்டும், இறங்க வேண்டும். அதனால் மேட்டின் சரிவில் முதுகைச் சாய்த்தபடி கட்டடங்களை எழுப்பினார்கள். கீழ்த்தளங்கள் ஆற்றைப் பார்த்த கிடங்குகள், மேல்தளங்கள் ஊரைப் பார்த்த அலுவலகங்கள்.

அந்த அலுவலகங்களில் இருந்தவர்கள் ‘காட்டன் ஃபேக்டர்’கள். நம் ஊர்க் கணக்கில் பஞ்சுக் கமிஷன் மண்டிக்காரர்கள். தோட்ட முதலாளிக்கு முன்பணம் கொடுப்பார்கள், சாமான் வாங்கி அனுப்புவார்கள், விளைந்த பஞ்சை விற்றுக் கொடுத்துத் தரகு எடுத்துக்கொள்வார்கள். கட்டட வரிசைக்கும் மேட்டின் தாங்குசுவருக்கும் இடையே உள்ள சந்துக்கு ‘ஃபேக்டர்ஸ் வாக்’ என்ற பெயர் வந்தது இவர்களால்தான். பாலத்தில் நின்றபடி, கீழே வண்டியில் போகும் பஞ்சுப் பொதிகளைப் பார்த்து விலை பேசினார்கள் என்று வழிகாட்டிகள் ரசித்துச் சொல்வார்கள். பாலங்களின் முதல் வேலை அதைவிடச் சாதாரணமானது. மண்டிக்காரர் கிடங்கு வழியாக ஏறி வராமல், தெருவிலிருந்து நேரே மூன்றாம் மாடி அலுவலகத்துக்குள் நுழைய வேண்டும், அவ்வளவுதான்.

போனால் சுவரைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். கீழே தடித்த சுவர், குறைந்த திறப்புகள், அகலக் கதவுகள். மேலே போகப் போக ஜன்னல்கள் கூடும், பால்கனி வரும், கூரை விளிம்பில் அலங்காரம் வரும். எந்த மாடியில் சரக்கு இருந்தது, எந்த மாடியில் மனிதர் இருந்தார் என்பது வெளியிலிருந்தே தெரிந்துவிடும்.

டிரேட்டன் தெரு முனையிலுள்ள 1887ஆம் ஆண்டுப் பஞ்சுச் சந்தைக் கட்டடத்தை விட்டுவிடாதீர்கள். பாஸ்டன் கட்டடக் கலைஞர் வில்லியம் கிப்பன்ஸ் பிரெஸ்டன் வடிவமைத்தது. சிவப்புச் செங்கல்லும் சுடுமண் அலங்காரமும் கொண்டது. ஆற்றுக்கு இறங்கும் தெருச்சரிவை மூடாமல், அதன் தலைக்கு மேலேயே கட்டடத்தை நிறுத்தியிருக்கிறார்கள். பொதுத் தெருவின் மேல்வெளியில் கட்டடம் கட்டும் உரிமையை அந்தக் காலத்திலேயே பயன்படுத்திய உதாரணம். அடியில் நடந்து போய் அண்ணாந்து பாருங்கள்.

கேள்வி: மேட்டிலிருந்து ஆற்றோரத் தெருவான ரிவர் ஸ்ட்ரீட்டுக்கு இறங்கும் கல்பாதைகள் மிகவும் மோசம் என்கிறார்களே? என் தாயாருக்கு முழங்கால் வலி.

மோசம்தான். அந்தக் கற்கள் பெரும்பாலும் கப்பல்களில் பாரமாக வந்தவை. சரக்கில்லாமல் வரும் பாய்மரக் கப்பல் சாயாமல் இருக்க அடியில் கல்லேற்றி வருவார்கள். இங்கே வந்து பஞ்சு ஏற்றும்போது கல்லை இறக்கிவிடுவார்கள். இப்படிச் சேர்ந்த கல்லில்தான் சரிவுப் பாதைகளும் தாங்குசுவர்களின் பெரும்பகுதியும் எழுந்தன. பல துறைமுகத்துக் கல் கலந்திருப்பதால் நிறமும் அளவும் ஒன்றுபோல் இருக்காது. மட்டமும் சரியாக இருக்காது.

பர்னார்ட், டிரேட்டன், ஏபர்கார்ன், லிங்கன் தெரு முனைகளில் உள்ள சரிவுகள் எல்லாமே கல் பாவியவை. மழை பெய்தால் வழுக்கும். குதிகால் செருப்பு, சிறு சக்கர சூட்கேஸ், தள்ளுவண்டி எதுவும் உதவாது. பழைய கற்படிகள் இதைவிடச் செங்குத்து. படியின் உயரமும் ஒன்றுக்கொன்று மாறும். உங்கள் தாயாருக்கு நகர மன்றக் கட்டடத்தை ஒட்டிய பொது லிஃப்ட்தான் வழி. அது வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு அவரை நடக்க வையுங்கள். கீழே இறங்கிவிட்டால், கடைத் தெருவை விட்டு ஆற்றோரமாகவே நடக்கலாம். 1977இல் போட்ட நடைபாதையும் திடலும் அங்கே சமதளமாக இருக்கின்றன. தெருவில் தண்டவாளம் பதிந்திருக்கிறது. தள்ளுவண்டியின் முன்சக்கரம் அதில் சிக்கும்.

கேள்வி: மகன் சவானாவின் பழைய பகுதியில் 1850களைச் சேர்ந்த வரிசை வீடு ஒன்று வாங்கியிருக்கிறான். சாம்பல் நிறச் செங்கல். சில ஆண்டுகளுக்கு முன் யாரோ சிமென்ட்டால் பாயிண்டிங் (செங்கற்களுக்கு இடையிலுள்ள இணைப்புகளில் சாந்து அடைப்பது) செய்திருக்கிறார்கள். இப்போது சாந்து அப்படியே இருக்கிறது, செங்கல் மட்டும் ஏடு ஏடாக உதிர்கிறது. மேலே ஏதாவது பூசினால் நிற்குமா?

தயவுசெய்து எதையும் பூசாதீர்கள். நோய் வெளியில் இல்லை.

அது ‘சவானா கிரே’ எனப்படும் செங்கல். கையால் வார்த்தது, வழக்கமான செங்கல்லைவிடப் பெரியது, மென்மையானது, தண்ணீரை நன்றாக உறிஞ்சுவது. பெருமளவு வந்தது ஹென்றி மெக்ஆல்பினின் ஹெர்மிடேஜ் தோட்டத்திலிருந்து. செய்தவர்கள் அங்கே அடிமைப்படுத்தப்பட்டிருந்த கறுப்பின மக்கள். அந்தக் காலத்து வீட்டுக்காரர்களுக்கு இந்தக் கல் அழகாகத் தெரியவில்லை. பல வீடுகளில் மேலே காரை பூசி, கருங்கல் போலக் கோடு கிழித்து மறைத்தார்கள். இன்று அதே கல்லுக்குப் போட்டி. 1950களில் கல்லை விற்பதற்காகவே வீடுகளை இடித்தார்கள். ஹெர்மிடேஜ் மாளிகையையே 1935இல் ஹென்றி ஃபோர்டு வாங்கிப் பிரித்து, தன் புது வீட்டுக்குக் கல்லாக்கிக்கொண்டார்.

உதிர்வதற்குக் காரணம் இதுதான். பழைய சுவரில் செங்கல்லைவிடச் சாந்து மென்மையாக இருக்க வேண்டும். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும், சுவர் அசையும்போது தானும் நெளிந்து கொடுக்கும். போர்ட்லேண்ட் சிமென்ட் இரண்டையும் செய்யாது. உள்ளே புகுந்த ஈரம் இணைப்பு வழியாக வெளியேற முடியாமல் செங்கல் வழியாக வெளியேறும். கூடவே வந்த உப்பு, கல்லின் முகத்துக்குச் சற்று உள்ளே படிகமாகி விரியும். முகம் ஏடாகக் கழன்று விழும். சுட்ட தோல் போனபின் உள்ளிருக்கும் மென்மையான பகுதி இன்னும் வேகமாகக் கரையும். சிலிக்கான் வகை நீர்த்தடுப்புப் பூச்சும் காற்றோட்டமில்லாத பெயின்ட்டும் இதே வேலையைத்தான் செய்யும். மணல் வீச்சால் சுத்தம் செய்யலாம் என்று ஒப்பந்தக்காரர் யாராவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டையான மழைநீர்க் குழாய், சுவரை ஒட்டி உயர்த்திய பூச்செடி மண், ஏ.சி. நீர் சொட்டுமிடம். இவை நிற்காமல் பாயிண்டிங் செய்தால் காசு வீண்.

அடுத்து, எந்த இணைப்பில் சிமென்ட், எந்த இணைப்பில் பழைய சுண்ணாம்பு என்று பிரிக்க வேண்டும். ஆணியால் கீறினால் சுண்ணாம்பு மாவாகும், சிமென்ட் கோடு மட்டும் காட்டும். வினிகர் விட்டுப் பார்க்கும் சோதனையை நம்பாதீர்கள். நாள்பட்ட சிமென்ட்டும் நுரைக்கும். பழைய சுண்ணாம்பு உறுதியாக இருக்கும் இடத்தைத் தொடவே வேண்டாம்.

சிமென்ட்டை எடுப்பதுதான் கடினம். இணைப்பின் அகலத்தைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ஆழம் எடுக்க வேண்டும். முக்கால் அங்குல இணைப்பென்றால் ஒன்றரை அங்குலத்துக்கு மேல். சிறு உளியும் சுத்தியலும் போதும். கிரைண்டரைக் கொடுத்தால், குறிப்பாகச் செங்குத்து இணைப்புகளில், கல்லின் விளிம்பையும் சேர்த்து அறுத்துவிடுவார்கள். அது திரும்ப வராது. சிமென்ட் கல்லோடு ஒட்டிக்கொண்டு, எடுத்தால் கல்லும் பெயரும் என்ற நிலையில் அந்த இடத்தை விட்டுவிடுவதே மேல். எல்லாவற்றையும் ஒரே சீராக எடுத்தே தீருவேன் என்பவர் இந்த வேலைக்கு ஆகாதவர்.

கலவை: நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு 1 பங்கு, கழுவிய, பல அளவுத் துகள் கொண்ட மணல் இரண்டரை முதல் 3 பங்கு, கன அளவில். பக்கத்தில்தான் கடல் இருக்கிறதே என்று கடற்கரை மணலை எடுத்தால் உப்பைச் சுவருக்குள் நாமே ஊட்டுகிறோம். ‘கொஞ்சமாக’ சிமென்ட் சேர்ப்பதும் வேண்டாம். நிறம் மணலிலிருந்து வரட்டும். பழைய சாந்தில் சிப்பித் துகள் தெரிந்தால் அதையும் சிறிது சேர்க்கலாம். கண்ணில் படாத மூலையில் மூன்றடிக்கு மூன்றடி மாதிரி செய்து, முழுதாக உலர்ந்தபின் பார்த்து முடிவெடுங்கள். ஈரத்தில் எந்தச் சாந்தும் கறுப்பாகத்தான் தெரியும்.

இணைப்பைத் தூசி நீக்கி நனைக்க வேண்டும். ஈரம் இருக்கலாம், தண்ணீர் தேங்கக் கூடாது. காய்ந்த கல் சாந்திலிருக்கும் நீரை உறிஞ்சிவிட்டால் சாந்து பொடியாகும். ஆழமான குழிகளை முதலில் நிரப்புங்கள். பிறகு கால் அங்குலம் கால் அங்குலமாக அழுத்தி நிரப்பி, கட்டைவிரல் வைத்தால் தடம் பதியும் அளவுக்கு இறுகியபின் அடுத்த அடுக்கு. கடைசி அடுக்கைக் கல்லின் முகத்துக்குச் சற்று உள்ளடக்கமாக நிறுத்துங்கள். விளிம்பு மழுங்கிய பழைய கல்லில் முகம் வரை நிரப்பினால் சாந்து கல்லின் மேல் வழிந்து, இணைப்பு அகலமாகத் தெரியும். அந்த மெல்லிய ஓரம் முதல் குளிரிலேயே உதிரும். பிறகு ஈரச் சாக்கு தொங்கவிட்டுக் குறைந்தது மூன்று நாள், முடிந்தால் ஒரு வாரம் ஈரம் காக்க வேண்டும். சவானாவின் ஜூலை வெயில் இந்த வேலைக்கு எதிரி. உறைபனி இரவும் அப்படியே. மார்ச், ஏப்ரல் அல்லது அக்டோபர் நல்லது.

முகம் போன கல்லைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. கவனமாக உருவி, பின்பக்கம் கெடாமல் இருந்தால் திருப்பி வைக்கலாம். வீடு பாதுகாக்கப்பட்ட வட்டாரத்துக்குள் இருப்பதால், தெருவிலிருந்து தெரியும் மாற்றங்களுக்கு நகரத்தின் அனுமதிச் சான்று தேவைப்படும். சாரம் கட்டுவதற்கு முன்பே நகர அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள். பாதி வேலையில் நிறுத்தச் சொன்னால் திறந்த இணைப்பில் மழை இறங்கும்.

கேள்வி: ‘டேபி’ என்பதும் இதே சுண்ணாம்புதானா?

உறவுதான். கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்பு, மணல், தண்ணீர், உடைந்த சிப்பி ஆகியவற்றைச் சம பங்கு கலந்து, பலகை அச்சுக்குள் கொட்டி இடித்து எழுப்பும் சுவர். நம் ஊர் கிளிஞ்சல் சுண்ணாம்பை அறிந்தவர்களுக்கு மூலப்பொருள் புதிதில்லை. முறை மட்டும் கான்கிரீட் போல. கல் கிடைக்காத, சிப்பி குவிந்த கடற்கரைக்கு ஏற்றது. சிப்பியை நன்றாகக் கழுவாமல் விட்டால் உப்பு தங்கிக் கெடுக்கும். வில்லியம் ஜே வடிவமைத்து 1819இல் முடிந்த ஓவன்ஸ்-தாமஸ் மாளிகையில் இந்தக் கட்டுமானத்தைப் பார்க்கலாம். அங்கே பின்புறத்து அடிமைக் குடியிருப்பின் உட்கூரையில் பழைய நீலப்பூச்சு மிச்சமிருக்கிறது. முன்கூடத்தின் அலங்காரத்தைவிட அதற்கு அதிக நேரம் கொடுங்கள்.

கேள்வி: ஃபேக்டர்ஸ் வாக்கில் இருண்ட வளைவறைகளைப் பார்த்தேன். அடிமைகளை அடைத்த இடம் என்று பேய்க்கதைச் சுற்றுலாவில் சொன்னார்கள். உண்மையா?

அவை கிளஸ்கி வளைவறைகள். 1840களில் சார்லஸ் கிளஸ்கி மேட்டுச்சரிவில் கட்டியவை. மேட்டைத் தாங்கவும் சரக்கு வைக்கவும் பயன்பட்டவை. மனிதரை அடைத்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

கதை இல்லாமலேயே காட்ட வேண்டிய இடங்கள் ஊரில் இருக்கின்றன. எல்லிஸ் சதுக்கத்தருகே பர்னார்ட் தெருவில் உள்ள மூன்று மாடிக் கட்டடத்தில் அடிமை வியாபாரம் நடந்தது. 1865இல் அதே கட்டடம் விடுதலை பெற்ற குழந்தைகளின் பள்ளியானது. நகருக்கு வெளியே டென் புரூக் குதிரைப் பந்தயத் திடலில் 1859 மார்ச்சில் இரண்டு நாள் ஏலத்துக்கு 436 பேர் கொண்டுவரப்பட்டார்கள். பிராங்க்ளின் சதுக்கத்தில், 1859இல் முடிந்த ஃபர்ஸ்ட் ஆப்பிரிக்கன் பாப்டிஸ்ட் தேவாலயத்தை அடிமைத்தளையில் இருந்தவர்களே பகல் வேலை முடிந்தபின் கட்டினார்கள். நேரம் குறைவென்றால் பேய்ச் சுற்றுலாவை விட்டுவிட்டு இங்கே போங்கள்.

கேள்வி: சதுக்கங்களின் கணக்கு ஒவ்வொரு புத்தகத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறதே?

எதை எண்ணுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. 1733இல் தொடங்கியபோது 4. 1851க்குள் 24. இன்று 22. எல்பர்ட், லிபர்ட்டி இரண்டும் மான்ட்கோமரி தெருவில் நெடுஞ்சாலை போனபோது அடிபட்டன. எல்லிஸ் சதுக்கத்தில் இருந்த சந்தைக் கட்டடத்தை 1954இல் இடித்து வாகன நிறுத்தக் கட்டடம் எழுப்பினார்கள். அந்தக் கோபத்தில்தான் 1955இல் ஏழு பெண்கள் சேர்ந்து ஹிஸ்டாரிக் சவானா ஃபவுண்டேஷனைத் தொடங்கி, இடிபட இருந்த 1820ஆம் ஆண்டு டேவன்போர்ட் வீட்டை 22,500 டாலருக்கு வாங்கினார்கள். பின்னாளில் வீடுகளை வாங்கி, ‘இடிக்கக் கூடாது’ என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதி விற்று, வந்த பணத்தில் அடுத்த வீட்டை வாங்கும் சுழல்நிதி முறையில் 400க்கும் மேற்பட்ட கட்டடங்களைக் காத்தார்கள். எல்லிஸ் சதுக்கம் 2010இல் திரும்பி வந்தது. வாகன நிறுத்தம் அடியில் போய்விட்டது.

வரைபடம் படிக்க ஒரே ஒரு வட்டாரத்தைப் புரிந்துகொண்டால் போதும். நடுவில் சதுக்கம். வடக்கிலும் தெற்கிலும் பத்து மனை கொண்ட நான்கு தொகுதிகள், ஆக 40 வீட்டுமனை, ஒவ்வொன்றும் 60க்கு 90 அடி. கிழக்கிலும் மேற்கிலும் தேவாலயம், பொதுக்கட்டடங்களுக்கு ஒதுக்கிய நான்கு பெரிய மனைகள். பெரிய தெரு 75 அடி, பின்சந்து 22.5 அடி. இதே அச்சைத்தான் திரும்பத் திரும்பப் பதித்தார்கள். கார் ஓட்டுபவர்களுக்கு: சதுக்கத்தை இடஞ்சுழியாகத்தான் சுற்ற வேண்டும்.

கேள்வி: 1733 காலத்து வீடு எதுவும் இருக்கிறதா?

இல்லை. முதல் வீடுகள் மரம். 1796, 1820 ஆண்டுகளின் பெருந்தீ மிச்சம் வைத்தது கொஞ்சம். நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு ஊர். அதுவும் 1864 டிசம்பரில், உள்நாட்டுப் போரின்போது, வடமாநிலத் தளபதி ஷெர்மனின் படை எரிக்காமல் நுழைந்ததால் தப்பியது.

கேள்வி: ஒரே நாள்தான் இருக்கிறது. கேமராவும் இருக்கிறது. எந்த வரிசையில் பார்ப்பது?

ஆற்றுமுகப்பு வடக்கைப் பார்த்தது. எனவே நாளின் பெரும்பகுதி கட்டடங்களின் முகம் நிழலில் இருக்கும். எதிர்க்கரை ஹட்சின்சன் தீவிலிருந்து நண்பகலில் எடுத்தால் சூரியன் எதிரே நிற்கும், கட்டடம் கறுத்துப்போகும். கோடையில் அதிகாலையிலும் மாலை சாயும்போதும் பக்கவாட்டு ஒளி கிடைக்கும். குளிர்காலத்தில் அந்தியில் விளக்கேற்றியபின் எடுப்பதே நல்லது. தீவுக்குப் போக இலவசப் படகுச் சேவை உண்டு.

காலையில் கிழக்கு முனையில், எம்மெட் பூங்காவின் 1858ஆம் ஆண்டுத் துறைமுக விளக்கில் தொடங்குங்கள். மேல்தளமாக மேற்கே நடந்தால் பஞ்சுச் சந்தை. அடுத்து 1852இல் முடிந்த சுங்கக் கட்டடம். ஒரே கல்லால் ஆன அதன் கிரானைட் தூண்களின் தலையில் செதுக்கியிருப்பது புகையிலை இலை. பிறகு நகர மன்றம். அங்கே கீழே இறங்கி, ஆற்றோரமாகக் கிழக்கே திரும்புங்கள். வெயில் ஏறியதும் நிழலுக்குள் போய்விடுங்கள்: புல் தெருவில் ஜான்சன், ரைட், சிப்பெவா, மேடிசன், மான்டெரி என்று ஐந்து சதுக்கம் கடந்தால் ஃபோர்சித் பூங்கா. ஒரு மைலுக்குச் சற்றுக் குறைவு. மேடிசன் சதுக்கத்தில் ஷெர்மன் தங்கிய கிரீன்-மெல்ட்ரிம் வீடு இருக்கிறது. மாலையில் திரும்பி வந்து படகேறுங்கள்.

கேள்வி: பெரிய கன்டெய்னர் கப்பல்கள் இவ்வளவு அருகில் போகும் என்கிறார்கள். எப்போது வரும்?

கால அட்டவணை கிடையாது, கடலோடு சேர்ந்து ஆற்றிலும் நீர் ஏறி இறங்கும் நீரேற்றத்தைப் பாருங்கள். நகரத்தருகே ஏற்ற இறக்க வேறுபாடு 7, 8 அடி வரை இருக்கும். நாளுக்கு இரண்டு ஏற்றம். ஆற்றில் கப்பல் செல்லும் தடத்தை 42 அடியிலிருந்து 47 அடிக்கு ஆழப்படுத்தும் வேலை 2022இல் முடிந்தபின்னும், அதிகம் மூழ்கி வரும் கப்பல்கள் ஏற்ற நீரைப் பிடித்தே வருகின்றன. கப்பல் சரக்கு இறக்கும் முனையம், நகரத்தைத் தாண்டி ஆற்றின் மேல்பக்கத்தில் கார்டன் சிட்டியில் இருப்பதால் எல்லாம் ரிவர் ஸ்ட்ரீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். கழிமுகத்தருகே உள்ள ஃபோர்ட் புலாஸ்கி கோட்டையின் நீரேற்ற அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். நகரத்துக்கு ஏற்றம் அதைவிடச் சற்றுப் பிந்தி வரும். கைபேசியில் கப்பல் கண்காணிப்புச் செயலி இருந்தால், கழிமுகத்தில் கப்பல் நுழைந்ததுமே தெரிந்துவிடும். காபி குடித்துவிட்டு வர நேரமிருக்கும். பிறகு மேற்கே டால்மட்ஜ் பாலத்தைப் பார்த்தபடி நில்லுங்கள். கட்டியபோது நீர்மட்டத்திலிருந்து 185 அடி இடைவெளி விட்ட பாலம் அது. உயர்ந்த கப்பல் அடியில் நுழையும்போது இடித்துவிடுமோ என்றுதான் தோன்றும்.

கேள்வி: நகர மன்றக் குவிமாடம் அசல் தங்கமா?

தங்க இலை ஒட்டியது. 1906இல் திறந்தபோது செம்புக் கூரைதான். தங்கம் வந்தது 1987இல்.